வெளிநாட்டில் மாஸ்டர்ஸ் விண்ணப்பம்: குடும்பப் பெயர் இல்லை, பட்டம் மூன்று வருடம். எங்கிருந்து தொடங்குவது?

சல்வீன்கரை

எல்லாருக்கும் வணக்கம். நான் பர்மாத் தமிழ்ப் பெண், ஊர் மியான்மரின் மோல்மீன். கடல் அறிவியலில் பி.எஸ்ஸி. முடித்து இரண்டு வருடம் ஆகிறது, இப்போது ஒரு மீன்வளத் திட்டத்தில் தற்காலிக வேலை. கடலோர நிலம், சேற்றுத்திட்டு, அலையாத்திக் காடு, இந்த மாதிரி விஷயத்தில் மாஸ்டர்ஸ் படிக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. போன வாரம்தான் துணிந்து ஒரு பல்கலைக்கழகத்தின் விண்ணப்பப் பக்கத்தைத் திறந்தேன். முதல் பக்கத்திலேயே நின்றுவிட்டேன்.

"குடும்பப் பெயர்" என்று ஒரு கட்டம். எனக்குக் குடும்பப் பெயரே கிடையாது, நம்மில் யாருக்குத்தான் இருக்கிறது? வீட்டில் கூப்பிடுவது தமிழ்ப் பெயர். பள்ளியில் சேர்த்தபோது கொடுத்தது பர்மியப் பெயர், அடையாள அட்டையிலும் அதுதான். பட்டச் சான்றிதழில் அதற்கு முன்னால் பெண்களுக்குப் போடுகிற "மா" என்ற அடைமொழியைச் சேர்த்து அச்சடித்திருக்கிறார்கள், பாஸ்போர்ட்டில் "மா" இல்லை. போதாக்குறைக்கு ஆங்கில எழுத்தில் ஓரிடத்தில் கே.எச்., இன்னோரிடத்தில் வெறும் கே. அப்பா பெயரும் அப்படித்தான். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் தமிழ்ப் பெயர், குடும்பப் பட்டியலில் பர்மியப் பெயர்.

பட்டம் வேறு மூன்று வருடம். எந்த நாடு, எந்தப் பல்கலைக்கழகம் என்றுகூட இன்னும் முடிவு செய்யவில்லை. முதலில் எதைச் செய்ய வேண்டும் என்று யாராவது சொல்லுங்கள்.

தட்டோன் அக்கா

தங்கச்சி, எந்தப் பல்கலைக்கழகம் என்பதை இப்போது யோசிக்காதே. முதலில் பெயர். இதை நான் தலைகீழாகச் செய்து ஒரு வருடத்தை இழந்தவள், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். ஆறு மாதம் இணையத்தில் பல்கலைக்கழகம் தேடினேன், மூன்று இடம் பிடித்தேன், கடைசித் தேதிக்கு இருபது நாள் இருக்கும்போது காகிதங்களை எடுத்து மேசையில் வைத்துப் பார்த்தால் நான்கு காகிதத்தில் நான் நான்கு ஆளாக இருந்தேன். இருபது நாளில் இங்கே எதைச் சரி செய்ய முடியும்? அந்த வருடம் போயே போய்விட்டது.

இன்றைக்கு ராத்திரி ஒரு வேலை செய். அடையாள அட்டை, குடும்பப் பட்டியல், பத்தாம் வகுப்புச் சான்றிதழ், பட்டம், மதிப்பெண் பட்டியல், பாஸ்போர்ட், எல்லாவற்றையும் வரிசையாக வைத்து ஒவ்வொன்றிலும் உன் பெயர், அப்பா பெயர், அம்மா பெயர், பிறந்த தேதி, இந்த நான்கையும் ஒரு நோட்டில் எழுத்துக்கு எழுத்து அப்படியே எழுது. ஒரு புள்ளி வித்தியாசம் இருந்தாலும் வட்டம் போடு. அதற்கப்புறம் ஒரு முடிவுதான்: பாஸ்போர்ட்டில் என்ன இருக்கிறதோ அதுதான் நீ. விண்ணப்பம், ஆங்கிலத் தேர்வு, வங்கி, மின்னஞ்சல் முகவரி எல்லாம் அந்த எழுத்துக்கூட்டலில்தான் இருக்க வேண்டும். ஐயெல்ட்ஸ் ஆங்கிலத் தேர்வுக்குப் பதிவு செய்யும்போது இதில் தப்பு செய்யாதே, தேர்வு நாளில் அவர்கள் பார்ப்பது பாஸ்போர்ட்டைத்தான்.

பட்டச் சான்றிதழை மாற்ற ஓடாதே. அது வருடக்கணக்கில் இழுக்கும். வக்கீலிடம் போய் "இந்த இந்தப் பெயர்கள் எல்லாம் ஒரே ஆளுடையவை" என்று உறுதிமொழிப் பத்திரம் வாங்கி, நோட்டரி ஆங்கில மொழிபெயர்ப்பும் சேர்த்து வைத்துக்கொள். அதில் உனக்கு ஒன்று, அப்பாவுக்கு ஒன்று. "மா", "ஊ", "தோ" எல்லாம் மரியாதை அடைமொழிகள், பெயரின் பகுதி இல்லை என்று ஒரு வரியையும் அதிலேயே எழுதச் சொல். அந்த ஒரு வரிதான் என்னைக் காப்பாற்றியது. ஜெர்மனியில் சேர்க்கை அலுவலகத்தில் இருந்தவர் "தோ" என்பதை அம்மாவின் முதல் பெயர் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

குடும்பப் பெயர்க் கட்டத்துக்கு ஒரே விடை கிடையாது. சில இடங்களில் முழுப் பெயரையும் அந்தக் கட்டத்தில் போட்டு முதல் பெயரில் ஒரு கோடு போடச் சொல்வார்கள், சில இடங்களில் பெயரை இரண்டாகப் பிரித்துப் போடச் சொல்வார்கள். நீயாக ஊகிக்காமல் "என் பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் வரிதான் இருக்கிறது, எப்படி நிரப்ப வேண்டும்" என்று பாஸ்போர்ட் பக்கத்தை இணைத்து மின்னஞ்சல் அனுப்பு. வருகிற பதிலைப் பத்திரமாக வை, பின்னால் விசாவுக்கும் அது உதவும்.

பகோ தம்பி

அக்கா சொன்னது முழுக்கச் சரி. மூன்று வருடப் பட்டத்தைப் பற்றி நான் சொல்கிறேன், நான் மாட்டியது அதில்தான்.

நம் பழைய முறையில் பள்ளி 11 வருடம், பட்டம் 3 வருடம். கூட்டினால் 14. வெளிநாட்டில் பல இடங்களில் பட்டத்தின் பெயரைப் பார்ப்பதற்கு முன்னால் இந்தக் கூட்டுத்தொகையைத்தான் பார்க்கிறார்கள். ஜப்பானில் மாஸ்டர்ஸுக்கு 16 வருடக் கல்வி என்பது பொது விதி. அதைப் பார்த்ததும் நான் ஜப்பான் ஆசையையே விட்டுவிட்டேன், ஆனால் விதியின் அடுத்த பகுதியைப் படிக்கவில்லை. 22 வயது நிறைந்தவர்களைப் பல்கலைக்கழகமே தனியாகத் தகுதி ஆய்வு செய்து, பட்டதாரிக்குச் சமம் என்று ஏற்கலாம். அந்த ஆய்வுக்குத் தனி விண்ணப்பம், தனிக் கடைசித் தேதி, அது சேர்க்கை விண்ணப்பத்துக்கு முன்பே முடிந்துவிடும். பலர் கோட்டை விடுவது இங்கேதான். ஜப்பான் அரசின் மெக்ஸ்ட் உதவித்தொகைக்கு 35 வயதுக்குள் இருக்க வேண்டும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு வழி, பட்டத்துக்குப் பிறகு ஆனர்ஸ் வருடமோ, எம்.எஸ்ஸி.க்கு முந்திய குவாலிஃபையிங் வருடமோ படித்திருந்தால் அதன் மதிப்பெண் பட்டியலையும் சேர்த்து அனுப்புவது. அந்த ஒரு வருடத்தால் கணக்கு 15 ஆகிறது. சல்வீன்கரை அக்கா, நீங்கள் அது படித்தீர்களா?

சல்வீன்கரை

குவாலிஃபையிங் பாதியில் நின்றுவிட்டது தம்பி. 2021க்குப் பிறகு எங்கள் வீட்டு நிலைமையும் சேர்ந்துகொண்டது, அதைப் பற்றி இங்கே அதிகம் எழுத விரும்பவில்லை.

அக்கா, நேற்று ராத்திரி நீங்கள் சொன்ன மாதிரி நோட்டில் எழுதினேன். ஏழு வட்டம். அம்மாவின் பிறந்த வருடம்கூட இரண்டு காகிதத்தில் இரண்டு விதமாக இருக்கிறது. முப்பது வருடமாக வீட்டில் ஒருவரும் கவனித்ததில்லை.

பழைய ரங்கூன்

பிள்ளைகளே, ஏன் ஐரோப்பா, ஜப்பான் என்று ஓடுகிறீர்கள்? சென்னை இருக்கிறதே. இந்திய அரசின் ஐ.சி.சி.ஆர். உதவித்தொகைக்கு மியான்மர் மாணவர்கள் விண்ணப்பிக்கலாம். ஏ2ஏ என்ற இணையதளத்தில் ஐந்து பல்கலைக்கழகங்கள் வரை தேர்வு செய்யலாம், முதுநிலைக்கு 18 முதல் 30 வயது வரை, ஆங்கிலத்தில் 500 சொல் கட்டுரை ஒன்று எழுத வேண்டும். என் தங்கை மகள் அப்படித்தான் போனாள். மொழி தெரிந்த ஊர், சாப்பாடு பழகின சாப்பாடு, என் தகப்பனார் பிறந்த சிவகங்கைக்கு ஒரு ராத்திரி ரயில். நம் வீட்டுப் பெண் தனியாகப் போகிற இடம் என்றால் இதெல்லாம் சின்ன விஷயமில்லை.

பகோ தம்பி

ஐயா, நல்ல யோசனைதான், மறுக்கவில்லை. ஆனால் அங்கேயும் 10+2 என்று பன்னிரண்டு வருடப் பள்ளியைக் கேட்கிற இடம் உண்டு, நம் பள்ளி 11. அதனால் ஐந்து இடங்களைத் தேர்வு செய்வதற்கு முன்பே அந்த ஐந்துக்கும் எழுதி, மியான்மரின் 11 வருடப் பள்ளி, 3 வருடப் பட்டத்தை ஏற்பீர்களா என்று கேட்டுவிட வேண்டும். தேர்வு செய்துவிட்டு நிராகரிப்பு வந்தால் அந்த இடம் வீண்.

பழைய ரங்கூன்

உண்மைதான் தம்பி. தங்கை மகள் பள்ளி பன்னிரண்டு வருடம் என்கிற புதிய பாடத்திட்டத்தில் படித்து, இளநிலைக்குப் போனவள், அவளுக்கு அந்தத் தொல்லை வரவில்லை. நான் அதை யோசிக்கவில்லை.

தேக்கங்காடு

நான் ஒன்று சொல்கிறேன், கோபப்படாதீர்கள். இவ்வளவு சிரமம் எதற்கு, ரங்கூனில் ஏஜென்ட் இருக்கிறார்களே? பணம் கொடுத்தால் விண்ணப்பம், கட்டுரை, விசா எல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். வேலைக்குப் போகிறவர்களுக்கு இதற்கெல்லாம் ஏது நேரம்?

தட்டோன் அக்கா

கோபம் இல்லை தம்பி, ஆனால் இதில் எனக்கு அனுபவம் இருக்கிறது. முதல் வருடம் போன பிறகு நானும் ஓர் ஏஜென்டிடம்தான் போனேன், பெயர் வேண்டாம். பதினைந்து லட்சம் கியாட் கொடுத்தேன், அம்மாவின் வளையல் அது. அவர் எழுதிக் கொடுத்த எஸ்.ஓ.பி.யில், அதாவது ஏன் இதைப் படிக்க விரும்புகிறேன் என்று விண்ணப்பத்தோடு வைக்கிற கட்டுரையில், நான் "சிறு வயதிலிருந்தே அறிவியலில் தீராத ஆர்வம் கொண்டவள்". அதே வரி, அதே இடத்தில், என்னோடு போன இன்னொரு பெண்ணின் கட்டுரையிலும் இருந்தது. இருவரும் ஒரே துறைக்கு, ஒரே பல்கலைக்கழகத்துக்கு. இரண்டு பேருக்கும் கிடைக்கவில்லை. அதைவிட மோசம், விண்ணப்பக் கணக்கின் கடவுச்சொல் அவரிடம் இருந்தது. பல்கலைக்கழகம் கூடுதல் காகிதம் கேட்டு அனுப்பிய மின்னஞ்சலை நான் பார்த்தது தேதி முடிந்த பிறகு.

டிக்கெட் போட, மொழிபெயர்க்க, வரிசையில் நிற்க யாருக்காவது பணம் கொடுக்கலாம். உன் பெயரில் போகிற கடிதத்தை நீதான் எழுத வேண்டும், கடவுச்சொல் உன் கையில்தான் இருக்க வேண்டும்.

தேக்கங்காடு

சரி அக்கா, புரிகிறது. என் தம்பிக்கு ஓர் ஏஜென்ட் பேசி வைத்திருக்கிறோம், கடவுச்சொல் விஷயத்தை இன்றைக்கே கேட்கிறேன்.

சல்வீன்கரை

ஜெர்மனி பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்கள் அக்கா. கல்லூரிக் கட்டணம் இல்லை என்கிறார்கள், உண்மையா?

தட்டோன் அக்கா

பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் இல்லை, செமஸ்டருக்கு ஒரு சிறு தொகை மட்டும். ஆனால் பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வருகிறவர்களுக்குச் செமஸ்டருக்கு 1,500 யூரோ. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 முதல் வாங்குகிறது. விண்ணப்பத்தைப் பல பல்கலைக்கழகங்கள் ஊனி-அசிஸ்ட் என்ற அமைப்பு வழியாக வாங்குகின்றன, முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அதே பருவத்தில் அடுத்த ஒவ்வொன்றுக்கும் 30. இங்கிருந்து அந்த 75 யூரோவைக் கட்டுவதே ஒரு வேலை. பாங்காக்கிலோ சிங்கப்பூரிலோ இருக்கிற ஒரு சொந்தக்காரரின் அட்டையை முன்கூட்டியே கேட்டு வை. என் சித்தப்பா மகன் கட்டினான்.

பெரிய தடை வங்கிப் பணம். விசாவுக்கு பிளாக்டு அக்கவுண்ட் என்று, மாதாமாதம் ஓர் அளவுக்கு மட்டும் எடுக்க முடிகிற வங்கிக் கணக்கில், வருடத்துக்கு 11,904 யூரோ காட்ட வேண்டும், மாதம் 992 என்ற கணக்கு. அரசாங்க விகிதம் டாலருக்கு 2,100 கியாட் என்று எழுதியிருக்கும், வெளியே ஏறக்குறைய இரண்டு மடங்கு. நம் கணக்கில் ஐந்நூறு லட்சத்தைத் தாண்டுகிறது. நிலம் விற்றாலொழிய நம் வீடுகளில் இது முடியாது, அதனால் உதவித்தொகை இல்லாமல் ஜெர்மனி என்று திட்டம் போடாதே. ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டஸ் உதவித்தொகையைப் பார், மாதம் 1,400 யூரோ, படிப்புக் கட்டணமும் கிடையாது. உன் துறைக்கு ஏற்ற கடல் சார்ந்த படிப்புகள் அதில் உண்டு. போட்டி அதிகம், ஆனாலும் எழுதிப் பார்க்க வேண்டும்.

மதிப்பெண்ணைப் பற்றி ஒன்று, இதை யாரும் சொல்வதில்லை. நம் மதிப்பெண்ணை அவர்கள் ஒரு சூத்திரம் போட்டு மாற்றுவார்கள். அதிகபட்ச மதிப்பெண்ணில் இருந்து உன் மதிப்பெண்ணைக் கழி, அதை அதிகபட்சத்துக்கும் தேர்ச்சி மதிப்பெண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தால் வகு, மூன்றால் பெருக்கு, ஒன்று கூட்டு. அவர்களுக்கு 1 என்றால் மிக நல்லது, 4 என்றால் தேர்ச்சி. இப்போது நீ 70 என்று வைத்துக்கொள். தேர்ச்சி 40 என்றால் உனக்கு 2.5. தேர்ச்சி 50 என்று அவர்களாக எடுத்துக்கொண்டால் 2.8. பல இடங்களில் வாசல் 2.5. அதே எழுபது, உள்ளேயா வெளியேயா என்பதைத் தேர்ச்சி மதிப்பெண் தீர்மானிக்கிறது! அதனால் மதிப்பெண் பட்டியல் வாங்கும்போது, அதிகபட்சம் எவ்வளவு, தேர்ச்சி எவ்வளவு, எத்தனைக்கு மேல் டிஸ்டிங்ஷன் என்று ஒரு விளக்கக் கடிதத்தையும் கையெழுத்து முத்திரையோடு கேட்டு வாங்கு. பயிற்றுமொழி ஆங்கிலம் என்ற கடிதத்தையும் அன்றைக்கே கேள், போக்குவரத்து மிச்சம்.

பகோ தம்பி

இதோடு பாடத்திட்ட விவரம். நம் பட்டியலில் ஒரு குறியீட்டு எண்ணும் பாடப் பெயரும்தான் இருக்கும், என்ன படித்தோம், எத்தனை மணி நேரம் என்று இருக்காது. அவர்களுக்கு அது வேண்டும். நான் பழைய நோட்டுகளை வைத்து ஒவ்வொரு பாடத்துக்கும் ஐந்து வரி எழுதி, துறைத் தலைவரிடம் காட்டித் திருத்தி, கையெழுத்து வாங்கினேன். மூன்று வாரம் ஆனது.

அப்போஸ்டில் முத்திரை கேட்டால் பயப்பட வேண்டாம். ஒரு நாட்டுச் சான்றிதழை இன்னொரு நாடு ஏற்க ஓர் உடன்படிக்கைப்படி போடுகிற முத்திரை அது, அந்த உடன்படிக்கையில் மியான்மர் இல்லை. வெளியுறவு அமைச்சகத்தின் சான்றொப்பம், பிறகு அந்த நாட்டுத் தூதரகம், இதுதான் நமக்கு வழி. பாஸ்போர்ட் வகையையும் பாருங்கள், சுற்றிப் பார்க்கப் போகிறவர்களுக்குத் தருவது பி.வி., படிக்கப் போகிறவர்களுக்கு பி.இ.

அமெரிக்கா யோசிக்கிறவர்கள் இருந்தால், 2025 ஜூனில் அவர்கள் அறிவித்த பயணத் தடைப் பட்டியலில் மியான்மரும் இருக்கிறது, கட்டணம் கட்டுவதற்கு முன் அதைப் பாருங்கள். 2024 பிப்ரவரியில் இராணுவச் சேவைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது, ஆண்கள் 18 முதல் 35, பெண்கள் 18 முதல் 27. வெளியே போகும் அனுமதி அடிக்கடி மாறுகிறது. அதில் அவரவர் நிலைமையைப் பொதுவில் எழுத வேண்டாம் என்று எல்லாரையும் கேட்டுக்கொள்கிறேன்.

சல்வீன்கரை

இன்னொரு சந்தேகம். பரிந்துரைக் கடிதம் இரண்டு வேண்டும். எனக்குப் பாடம் எடுத்த மேடம் இப்போது பணியில் இல்லை. அவர்கள் எழுதலாமா? அவர்களிடம் பல்கலைக்கழக மின்னஞ்சலும் இல்லை, ஜிமெயில்தான்.

தட்டோன் அக்கா

எழுதலாம், எழுதத்தான் வேண்டும். உன்னை உண்மையில் தெரிந்தவர் அவர்தானே. எந்த வருடம் முதல் எந்த வருடம் வரை எங்கே கற்பித்தார், உனக்கு எந்தப் பாடம் எடுத்தார் என்று முதல் பத்தியிலேயே சொல்லட்டும். அவருக்குச் சங்கடம் வரக்கூடிய எதையும் எழுதச் சொல்லாதே. ஜிமெயிலை ஏற்காத இணையதளம் என்றால் சேர்க்கை அலுவலகத்துக்கு நீ முன்பே எழுதிக் கேள், எனக்கு அனுமதித்தார்கள். இரண்டாவது கடிதம் உன் வேலையிடத்து மேலாளர்.

ஒன்று சொல்லிவிடுகிறேன், "நீயே எழுதிக் கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன்" என்று சொல்வார்கள், இங்கே அது வழக்கம். அப்படிச் செய்யாதே. நீ செய்த வேலைகளை ஒரு பக்கத்தில் குறிப்பாக எழுதிக் கொடு, கடிதத்தை அவர் தன் சொற்களில் எழுதட்டும். ஆங்கிலம் கொஞ்சம் தடுக்கினாலும் பரவாயில்லை.

சல்வீன்கரை

பதினெட்டு நாள் கழித்து வருகிறேன், மின்சாரமும் நெட்டும் சரியில்லை. வக்கீலிடம் பத்திரம் வாங்கியாயிற்று. எஸ்.ஓ.பி. முதல் பத்தி எழுதிப் பார்த்தேன், தமிழில் போடுகிறேன், பார்த்துச் சொல்லுங்கள்:

"காலநிலை மாற்றம் இன்று உலகம் முழுவதும் பெரும் சவாலாக உள்ளது. கடலோர மக்கள் இதனால் மிகவும் பாதிக்கப்படுகிறார்கள். எனவே கடல்சார் சூழலியல் படித்து என் நாட்டுக்குச் சேவை செய்ய விரும்புகிறேன்."

தட்டோன் அக்கா

தங்கச்சி, இதை யார் வேண்டுமானாலும் எழுதலாம், சிலியில் இருக்கிற பெண்ணும் எழுதலாம். இதில் நீ எங்கே? முன்பு ஒரு தடவை வேறு பேச்சில், உன் தாத்தாவின் வயல் கடலில் போய்விட்டது என்று எழுதியிருந்தாயே. அது எங்கே, எப்போது, எவ்வளவு?

சல்வீன்கரை

பிலின் பக்கம் அக்கா. மொட்டமா (மார்த்தபான்) வளைகுடாவில் கரை இடம் மாறிக்கொண்டே இருக்கும், ஒரு பக்கம் அரித்து இன்னொரு பக்கம் சேறு படியும். தாத்தாவுக்கு ஆறு ஏக்கர் இருந்தது. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது வரப்பில் நின்றால் தண்ணீர் தெரியாது. நான் ஒன்பதாவது படிக்கும்போது களத்துமேட்டிலிருந்து அலைச் சத்தம் கேட்டது. பத்தாவது முடித்த வருடம் வயல் இல்லை. முனீஸ்வரர் மேடையை மட்டும் பிரித்து எடுத்து வந்து வேறு இடத்தில் வைத்தோம். இப்போது வேலையில் அதே வளைகுடாவில்தான் நண்டு, மீன் கணக்கு எடுக்கிறேன். 2017ல் அதை ராம்சார் ஈரநிலமாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக அறிவித்தார்கள், கரண்டி மாதிரி அலகு இருக்கிற உள்ளான் பறவை குளிர்காலத்தில் அங்கே வந்து தங்கும். பறவைக்கு வேலை செய்கிறவர்கள் நிறையப் பேர் வருகிறார்கள், அது நல்லதுதான். ஆனால் கரை அடுத்து எங்கே அரிக்கும் என்று ஊர்க்காரர்களுக்கு முன்கூட்டியே சொல்ல முடியுமா என்று நான் கேட்டால் எங்கள் குழுவில் யாருக்கும் பதில் தெரியவில்லை. எனக்குப் படிக்க வேண்டியது அதுதான்.

தட்டோன் அக்கா

இதுதான் உன் முதல் பத்தி. ஒரு எழுத்தையும் மாற்றாமல் ஆங்கிலத்தில் எழுது. கடைசிக் கேள்வியோடு நிறுத்து. இரண்டாவது பத்தியில், அந்தக் கேள்விக்கு உனக்கு இப்போது தெரியாதது என்ன, செயற்கைக்கோள் படம் வாசிப்பதா, சேறு நகர்வதைக் கணக்கிடுவதா என்று எழுது. மூன்றாவதில், அந்தப் பல்கலைக்கழகத்தில் அதைச் சொல்லித் தருகிற பாடம் எது, ஆசிரியர் யார் என்று தேடி எழுது. அந்தப் பத்தி மட்டும்தான் ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் மாற வேண்டும்.

பழைய ரங்கூன்

என் மாமனார் நிலமும் அந்தப் பக்கம்தான் அம்மா. படித்து முடித்ததும் எங்களுக்கும் வந்து சொல்.

பகோ தம்பி

அக்கா, தாய்லாந்தில் ஏ.ஐ.டி. என்கிற ஆசியத் தொழில்நுட்பக் கழகத்தையும் பாருங்கள், பதும் தானியில் இருக்கிறது, முழுக்க ஆங்கிலத்தில் பாடம், 1959லிருந்து நடக்கிறது. மூன்று வருடப் பட்டத்தைப் பற்றி முதலில் கேளுங்கள். விண்ணப்பத்தைக் கடைசி நாளுக்கு வைக்காதீர்கள். மின்வெட்டு ஒரு பக்கம், வி.பி.என். போட்டால் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு நாடு காட்டி இணையதளம் கணக்கைப் பூட்டிவிடும். நான் நான்கு நாள் முன்னால் அதிகாலை நாலு மணிக்கு அனுப்பினேன், ஒரே முயற்சியில் போனது.

சல்வீன்கரை

நான்கு இடத்துக்கு எழுதிக் கேட்டிருக்கிறேன். இரண்டு பதில் வந்தது. ஒன்று முடியாது என்றது. இன்னொன்று, மூன்று வருடப் பட்டத்தோடு வேலை அனுபவத்தையும் சேர்த்துப் பார்ப்போம், பாடத்திட்ட விவரம் அனுப்புங்கள் என்றது. குடும்பப் பெயர்க் கட்டத்தில் முழுப் பெயரையும் போட்டு, முதல் பெயரில் கோடு போடச் சொன்னார்கள். பழைய நோட்டுகளை அம்மா அரிசி மூட்டைக்குப் பின்னால் பத்திரமாகக் கட்டி வைத்திருக்கிறார்கள், இன்றைக்கு முதல் பாடத்துக்கு ஐந்து வரி எழுதத் தொடங்குகிறேன். பகோ தம்பி, மணி நேரத்தை வாரக் கணக்கில் போட்டீர்களா, செமஸ்டர் கணக்கிலா?

பகோ தம்பி

இரண்டும் போடுங்கள் அக்கா. வாரத்துக்கு இத்தனை, செமஸ்டருக்கு இத்தனை வாரம், மொத்தம் இவ்வளவு. செய்முறை வகுப்பைத் தனியாகக் காட்டுங்கள், அதை விட்டுவிடாதீர்கள்.